மேரு மணி இல்லாத மாலை

"கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், வந்து நின்றால் 'வாங்க' என்று ஒரு வார்த்தை கிடையாது! இது அரண்மனையா, ஆளில்லாத சத்திரமா?"

இப்படிக் கத்தியது ஓர் எலி. அடுப்படிப் பொந்து எலி இல்லை; பிள்ளையாரைச் சுமக்கிற எலி. அதன் பின்னால் மழையில் நனைந்த தோகையோடு முருகனின் மயில். அதற்கும் பின்னால் சரஸ்வதியின் அன்னம். எதிரே கரண்டியும் கையுமாக நின்றவள் அந்த நாட்டு ராணி வடிவு.

"என்னிடம் ஏன் கத்துகிறீர்கள்? கூப்பிட்டது நானா?" என்றாள் வடிவு. "கூப்பிட்டவரிடம் போய்க் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் சொல்லுங்கள்."

சண்டை அப்படியே நிற்கட்டும். யார், எவர், எதற்கு என்று நீங்கள் பிடுங்குவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

மலைகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடிக்காத அந்தக் காலத்திலே, தாழைநகர் என்று ஒரு ராஜ்யம். ராஜா மகுடேசன். நல்லவர்தான், ஆனால் எதைக் கொடுத்தாலும் போதாத மனசு. தடையே வரக் கூடாது, தோல்வியே வரக் கூடாது, தெரியாதது என்று ஒன்று இருக்கவே கூடாது. இந்த மூன்றையும் எவன் தருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தால் எவனாவது வரத்தானே செய்வான்? வந்தான். கருநாகன் என்ற மாயாவி, காவி கட்டிக்கொண்டு, கையில் கமண்டலத்தோடு.

"மூன்று மந்திரம் தருகிறேன், ராஜா. 'ஓம் கம் கணபதயே நம' என்றால் தடை போகும். 'ஓம் சரவணபவ' என்றால் வெற்றி வரும். 'ஓம் ஐம் சரஸ்வத்யை நம' என்றால் தெரியாதது எல்லாம் தெரியும். இந்தா மாலை. கண்ணை மூடி உருட்டிக்கொண்டே இரு."

"இதற்கெல்லாம் என்ன அர்த்தம், சுவாமி?" என்று கேட்டாள் வடிவு.

"அர்த்தம் எதற்கம்மா? எத்தனை தடவை சொன்னான் என்பதுதான் கணக்கு."

"சும்மா இரு, வடிவு," என்றார் ராஜா. அவர் வாயிலிருந்து அவள் பெயர் வந்தது அப்போதைக்கு அதுதான் கடைசி.

கண்ணை மூடினார். மாலை உருண்டது, உருண்டது, உருண்டுகொண்டே இருந்தது.

மாலை ஒரு சுற்று வந்தால் நாட்டில் ஒரு குரல் போயிற்று. முதலில் எல்லைக் காவலனின் அதட்டல். அப்புறம் சந்தையில் மீன்காரிகள் போடுகிற கூச்சல். அப்புறம் அரண்மனைக் கிளியின் திருட்டு வசவு. ஆட்கள் நடந்தார்கள், தின்றார்கள், தூங்கினார்கள். பேச்சு மட்டும் இல்லை. போன குரல்கள் எல்லாம் கருநாகனின் கமண்டலத்தில் போய் விழுந்தன. அத்தனை குரலாலும் ஒரே நேரத்தில் சாமியை அதட்டினால், சாமி தனக்கு வேலைக்காரனாகிவிடும் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான்.

கடைசியில் மிஞ்சியது வடிவின் குரல் ஒன்றுதான்.

தினமும் இரண்டு இலை போடுவாள். "உப்பு சரியா இருக்காங்க?" என்று கேட்பாள். மாலை உருளும். "மழை வரும்போல இருக்கு" என்பாள். மாலை உருளும். பொறுக்க முடியாத நாளில் கிணற்றடிக்குப் போய், எட்டிப் பார்த்து, "வடிவு!" என்று தன் பெயரைத் தானே கூப்பிடுவாள். கிணறாவது "வடிவு" என்று திருப்பிச் சொல்லும்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் எலி வந்து கத்தியது. இப்போது புரிந்ததா? சரி, சண்டைக்கு வருவோம்.

வந்தவர்களை நிற்க வைத்தே திட்டுகிற குடும்பத்தில் வடிவு பிறக்கவில்லை. பலகை போட்டாள். கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள். எலிக்குக் கொழுக்கட்டை, மயிலுக்குத் தேன் விட்ட தினைமாவு, அன்னத்துக்குப் பால்.

வயிறு நிறைந்ததும் எலியின் குரல் இறங்கியது. "தாயே, 'கம்' என்பது எங்கள் ஐயாவின் விதை எழுத்து. 'கணபதயே நம' என்றால் 'கணபதிக்கு வணக்கம்'. அவ்வளவுதான். வாசலில் நின்று ஒருவரைப் பெயர் சொல்லி வணங்குவது. வணங்கினவன் பதில் வரும்வரை நிற்க மாட்டானா?"

"எங்கள் ஐயா நாணல் பொய்கையில் பிறந்த பிள்ளை," என்றது மயில், தோகையை உதறிக்கொண்டே. "சரவணபவ என்றால் அதுதான். பிறந்த இடத்தைச் சொல்லி ஒருத்தர் கூப்பிட்டால் ஓடி வராமல் இருக்க முடியுமா? ஓடி வந்தோம். எங்கள் சாமிகள் மூன்று பேரும் கோட்டை வாசலில் நனைகிறார்கள்."

"'ஐம்' எங்கள் அம்மாவின் எழுத்து," என்றது அன்னம் மெதுவாக. "அம்மாதான் பேச்சு. அவள் பெயரைச் சொல்லியே நாட்டின் பேச்சைப் பிடுங்கியிருக்கிறானே!"

"அப்படியானால் இவர் எங்கே நிறுத்திப் பதில் கேட்டிருக்க வேண்டும்?" என்றாள் வடிவு.

"மேருவில்தான்," என்றது அன்னம். "ஜபமாலையில் ஒரு மணி மட்டும் தனியாகத் தலை தூக்கி நிற்கும். அதுதான் மேரு. அதைத் தாண்டக் கூடாது. விரல் அங்கே நின்று, மாலையைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போக வேண்டும். அந்த நிற்கிற இடத்தில்தான் சாமி பேசும்."

வடிவு ராஜாவின் கையை உற்றுப் பார்த்தாள். எல்லா மணியும் ஒரே அளவு. மேரு இல்லை. மாயாவி கழற்றிவிட்டிருந்தான். செக்குமாட்டுக்குக்கூட ஓய்வு உண்டு; இந்த விரலுக்கு இல்லை.

"சீக்கிரம், தாயே," என்றது அன்னம். "இந்தச் சுற்று முடிந்தால் போகப்போவது உங்கள் குரல். அப்புறம் அவரை எழுப்ப நாட்டில் ஆளே இல்லை."

மேருவுக்கு எங்கே போவாள்? வடிவு தன் தாலிக்கொடியிலிருந்து ஒரு பொன்குண்டைக் கழற்றினாள். தாலியில் கை வைக்கலாமா என்று கேட்கிறவர்கள் வந்து வேறு மணி கொடுத்துவிட்டுப் பேசட்டும்.

எலி நூலைக் கடித்து, இரண்டு நுனியையும் பல்லில் பிடித்துக்கொண்டது. வடிவு குண்டைக் கோத்து முடிச்சுப் போட்டாள். போட்ட மறுகணம் தண்ணீர் போகிற துவாரத்தின் வழியே சீறிக்கொண்டு ஒரு பாம்பு வந்தது. கருநாகன்தான். மயில் ஒரே தாவு. பாம்பு அதன் காலடியில்.

மாலை உருண்டது, உருண்டது, பொன்குண்டில் வந்து நின்றது.

"கூப்பிடுங்கள்!" என்றது எலி.

"என்னங்க!" என்றாள் வடிவு. கண் திறக்கவில்லை.

"'என்னங்க' என்றால் ஊரில் இருக்கிற அத்தனை புருஷனும் திரும்பிப் பார்ப்பான். பெயரைச் சொல்லுங்கள்!"

"ராஜா!" என்றாள். கண் திறக்கவில்லை. விரல் குண்டைத் தாண்டத் துடித்தது.

கட்டிய நாளிலிருந்து அவள் அவர் பெயரைச் சொன்னதில்லை. எந்தப் பெண் சொன்னாள் அந்தக் காலத்தில்? குனிந்து, அவர் பாதத்தைத் தொட்டு, காதருகே சொன்னாள்:

"மகுடேசா."

கண் திறந்தது. "வடிவு?" என்றார் ராஜா. "ஏன் இப்படி இளைத்துப்போய்விட்டாய்?"

கருநாகனின் கமண்டலம் படீரென்று வெடித்தது. குரல்கள் குழம்பிக் கொட்டின. பாலையும் நீரையும் பிரிக்கிற அன்னம் அவற்றையும் பிரித்தது. காவலனுக்கு அதட்டல், மீன்காரிக்குக் கூச்சல், கிளிக்கு வசவு, எல்லாம் அவரவரிடம் போய்ச் சேர்ந்தன. கருநாகன் குரலில்லாத தண்ணீர்ப்பாம்பாகி அகழியில் விழுந்தான்.

ராஜா கோட்டை வாசலுக்கு ஓடினார். இரண்டு கையையும் கூப்பி, "வாங்க," என்றார்.

"என்ன வேண்டும், சொல்," என்றார் பிள்ளையார், தும்பிக்கைத் தண்ணீரை உதறியபடி.

"வந்ததே போதும், சாமி."

அப்படிச் சொன்னவனுக்குக் கொடுக்காமல் போவார்களா? தடை வந்தால் தாண்டத் தெம்பு, தோற்றால் எழுந்திருக்கத் துணிவு, தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் புத்தி, மூன்றும் கொடுத்தார்கள். வடிவின் தாலியில் புதுக் குண்டு தானாக வந்து உட்கார்ந்தது.

ஊரே பேசியது. ராஜாவைச் சுற்றி மந்திரி பேசினார், தளபதி பேசினார், குதிரைக்காரன்கூடப் பேசினான். ஆளுக்கு ஆயிரம் கதை பாக்கி. வடிவின் பக்கம் திரும்ப ராஜாவுக்கு ஒழியவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே வடிவு முறைப்படி மூவரையும் வழியனுப்பக் கோட்டை வாசலுக்கு வந்தாள். எலிக்கு வழிக்கென்று கொழுக்கட்டை முடிந்து கொடுத்தாள். சாமிகளைச் சுமந்துகொண்டு மயில் போயிற்று, அன்னம் போயிற்று, எலியும் போயிற்று. மழை விட்ட பாதையில் சின்னச் சின்னக் கால்தடம்.

"எலியாரே," என்றாள் வடிவு, வெறும் பாதையைப் பார்த்து. "யாரும் கூப்பிடாமலே ஒரு நாள் வந்துவிட்டுப் போங்களேன்."