ஈசிஜி மிஷின் வாயை மூடிக்கொண்ட கதை

அந்தக் காலத்தில், மிருகங்கள் பேசி ஓய்ந்த பிறகு, மிஷின்கள் பேசிக்கொண்டிருந்தன. அவற்றில் ஈசிஜி மிஷினுக்குத்தான் வாய் அதிகம்.

முதலில் அது வெறும் கோடு போடுகிற மிஷின். இதயம் துடிக்கிறபடி தாளில் மேலும் கீழுமாகக் கோடு இழுக்கும். டாக்டர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைப் படிப்பார்கள். பிறகு யாரோ ஒரு புண்ணியவான் அதற்குள் கம்ப்யூட்டரை வைத்தார். அது கோட்டைத் தானே படித்து, உரக்கத் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தது. பெரும்பாலும் சரியாகவே சொன்னது. வினையே அதுதான். டாக்டர்கள் தாளைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

டாக்டர் குந்தவையும் அப்படித்தான். பஸ் டிரைவர்களுக்கு உடல்தகுதிச் சான்று கொடுப்பது அவர் வேலை. ஒரு மழைநாளில் டிரைவர் பிச்சைக்கண்ணு சொட்டச் சொட்ட நனைந்து வந்து, ஏசி அறையில் சட்டையைக் கழற்றிப் படுத்தார். வயர்களை மாட்டியதும் மிஷின் கத்தியது: "இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது! பஸ் ஓட்ட லாயக்கில்லை!"

குந்தவை தலை நிமிராமல் பேனாவை எடுத்தார்.

"டாக்டரம்மா, கொஞ்சம் பொறுங்க! ஸ்டியரிங்கை விட்டா எனக்கு வேற பொழப்பே தெரியாது," என்று பேனா பிடித்த கையைப் பற்றிக்கொண்டார் பிச்சைக்கண்ணு.

அவர் விரல்கள் ஐஸ்கட்டியாக இருந்தன, வெடவெடவென்று நடுங்கின. குந்தவை பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தார். நாடி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

கம்பளியைப் போர்த்தி, சூடாக டீ கொடுத்து, நடுக்கம் நின்றதும் மறுபடி ஈசிஜி எடுத்தார். கோடு அழகாக வந்தது.

"இதயம் நன்றாக இருக்கிறது," என்றது மிஷின், குரல் இறங்கி.

"அப்போ முதல்ல சொன்னது?"

"எனக்குக் கோடு மட்டும்தான் தெரியும் டாக்டர். உடம்பு நடுங்கினாலும் கோடு ஆடும், இதயம் தடுமாறினாலும் ஆடும். ஆளை நீங்க பார்ப்பீங்கன்னு இருந்துட்டேன்."

"நீ பார்த்திருப்பேன்னு நான் இருந்துட்டேன்," என்றார் குந்தவை. இதற்கு முன் இப்படி எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பினோமோ என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

மிஷினுக்கும் உறைத்தது. "இனிமே நான் வாயைத் திறக்க மாட்டேன் டாக்டர். காதில விழுந்ததும் எல்லாரும் நம்பிடறாங்க. எழுதியே கொடுத்துடறேன். கூடவே இன்னொரு வரியும் போட்டுடறேன்."

பிச்சைக்கண்ணு சட்டையைப் பிழிந்து மாட்டிக்கொண்டு பஸ் எடுக்கப் போனார்.

அன்று முதல்தான் ஈசிஜி மிஷின் பேசுவதில்லை. தனக்குத் தோன்றியதைத் தாளின் உச்சியில் அச்சடித்துவிட்டு, 'மருத்துவர் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்' என்று பக்கத்திலேயே அடக்கமாகச் சேர்த்துவிடுகிறது. அந்த வரியைப் படிக்கிற நல்ல டாக்டர்கள், பேனாவைத் தொடுவதற்கு முன்னால் நம் கையைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.