முப்பத்திரண்டுக்கு மேல் ஏற்காத பெட்டி

ஆவுடையூர் தேன்சிட்டு மெல்லிசைக் குழுவில் மூன்றே பேர்தான். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு ஆளுக்கான மூளை இருந்திருந்தால்கூட இந்தக் கதை நடந்திருக்காது. கொம்பையா பாடுவார், தலைவரும் அவரே. பேச்சிமுத்து கீபோர்டு. நம்ம மந்திரமூர்த்தி பேட் வாசிப்பான். பேட் என்பது தாம்பாளம் அகலத்துக்கு ஒரு மின்சாரத் தாளப்பெட்டி. குச்சியால் தட்டினால் உள்ளே ஏற்றி வைத்திருக்கிற மேளச் சத்தமெல்லாம் வரும்.

மந்திரமூர்த்திக்குப் பூரணத்தின் மேல் உயிர். பூரணத்துக்கும் அவன் மேல் அப்படித்தான். ஏன் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். அவள் அப்பா பிரமநாயகம்தான் பிடி கொடுக்காமல் இருந்தார். கடைசியில் ஒரு நாள் வாய் திறந்தார்.

"ஞாயித்துக்கெழம பேரனுக்குக் காதுகுத்து. நையாண்டி மேளக்காரங்க ஒருத்தரும் சிக்கல. அந்தச் சத்தம் ஒம் பெட்டியில வந்துட்டா பொண்ணு ஒனக்கு. வரலைன்னா தூத்துக்குடி மாப்பிள்ளைக்குத்தான்."

மந்திரமூர்த்தி தலைதெறிக்க ஓடி வந்து நையாண்டி மேளச் சத்தத்தைப் பெட்டியில் ஏற்றப் பார்த்தான். பெட்டியின் சின்னத் திரையில் 'இடமில்லை' என்று வந்தது.

"பத்துக்குப் பத்து அறையில வச்சிருக்கியே, இதுக்கு எப்படிலே இடம் இருக்கும்?" என்றார் கொம்பையா.

நியாயம்தானே! மூவரும் பெட்டியைப் பள்ளிக்கூட மைதானத்துக்குத் தூக்கிப் போனார்கள். நாலு வீட்டு ஒயரைச் சேர்த்து முடிச்சுப் போட்டு, நட்ட நடுவில் வைத்து கரண்டு கொடுத்தார்கள். அப்போதும் 'இடமில்லை'.

"புது எடம்லா, பழகட்டும்," என்றார் கொம்பையா.

பொழுது சாயும்வரை தள்ளி நின்று பழகவிட்டார்கள். ஒரு ஆடு வந்து நன்றாகப் பழகியது. பெட்டி பழகவில்லை.

மறுநாள் டவுனில் அந்தோணி அண்ணாச்சியின் எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனார்கள். அண்ணாச்சி பொறுமைசாலி. அன்றைக்குக் காலை வரை.

"மெமரி கார்டு நெறஞ்சு போச்சு, வேற ஒண்ணுமில்ல. பழசு மாதிரியே, ஆனா கூடுதல் கொள்ளளவுல ஒண்ணு தாரேன். ஒண்ணு மட்டும் கவனம். இந்தப் பெட்டி முப்பத்திரண்டு ஜிபி வரைக்கும்தான் ஏத்துக்கும். மேல போனா கண்டுக்கவே செய்யாது."

கொம்பையா உடனே பேனாவை வாங்கி உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்: 'பெட்டி முப்பத்திரண்டுக்கு மேல் ஏற்காது. பழசு மாதிரியே வேண்டும்.'

அண்ணாச்சி முப்பத்திரண்டு ஜிபி கார்டு ஒன்றை எடுத்து நீட்டினார். பேச்சிமுத்து பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"பழசுல குங்குமம் இருக்கே?"

அண்ணாச்சி பக்கத்துக் கடைச் சாமிப் படத்திலிருந்து துளி எடுத்து வந்து புதியதிலும் வைத்தார்.

"அண்ணாச்சி, இது உள்ள எப்படி?" என்றான் மந்திரமூர்த்தி.

"உள்ள காலி. எவ்வளவு வேணாலும் ஏத்திக்கலாம்."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொம்பையா உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"பழசு மாதிரியேன்னு நீங்கதான சொன்னிய? பழசு நெறஞ்சுல்லா இருக்கு!"

"நெறஞ்சு போனதாலதானய்யா புதுசே வாங்குதிய?"

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. வாக்கு மாறப்படாது அண்ணாச்சி."

ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிப் பார்த்த அண்ணாச்சி, கம்ப்யூட்டரில் கிடந்த பாட்டையெல்லாம் போட்டு முப்பத்திரண்டையும் முட்ட முட்ட நிரப்பிக் கொடுத்தார். மூவரும் ஜெயித்த சந்தோஷத்தில் பஸ்ஸில் பாடிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார்கள்.

கார்டைப் போட்டார்கள். 'இடமில்லை.'

மந்திரமூர்த்தி கடைக்குப் போன் போட்டான். "அண்ணாச்சி, அச்சு அசலா பழசு மாதிரியே இருக்கு. பழசு மாதிரியே எடமில்லைன்னும் சொல்லுது. நாளைக்குக் காதுகுத்து. நான் என்ன செய்ய?"

அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உடைகிற சத்தம் கேட்டது. "அடப் பாவிகளா! பேசாம நீங்களே உள்ள போய் உக்காந்து வாசிங்கய்யா!"

போன் வைக்கப்பட்டது. மந்திரமூர்த்தியின் முகம் மலர்ந்தது.

"வழி சொல்லிட்டாரு!"

ஆனால் பெட்டி தாம்பாளம் அகலம். பேச்சிமுத்துவின் ஒரு கால்கூட நுழையவில்லை. கடைசியில், பெட்டி இருக்கிற மேஜையும் பெட்டியில் சேர்த்திதான் என்று முடிவாயிற்று. மேஜையைச் சுற்றித் தரை தொடத் துணி கட்டினார்கள்.

"நான் போறேன்," என்றார் கொம்பையா.

"ஒங்களுக்கு வயசு என்ன?"

"நாப்பத்தி நாலு."

மந்திரமூர்த்தி அவர் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினான். தலைவர் வாய்விட்டுப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். பேச்சிமுத்துவுக்குச் சரியாக முப்பத்திரண்டு நடந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. பேரன் தாய்மாமன் மடியில் உட்கார்ந்தான், ஆசாரி ஊசியை எடுத்தார். பிரமநாயகம் கண்ணைக் காட்டினார். மந்திரமூர்த்தி சாமியைக் கும்பிட்டுக் குச்சியால் ஒரு தட்டு தட்டினான்.

"டண்டணக்கு டணக்கு டண்டணக்கு!" என்று அடித்தொண்டையில் முழங்கினான் மேஜைக்கடியில் பேச்சிமுத்து.

கூட்டம் வாய் பிளந்தது. குழந்தை அழ மறந்து சிரித்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. மைக் செத்தது, விளக்கு அணைந்தது, கொம்பையாவின் பாட்டு அவர் வாயோடு நின்றது. பெட்டி மட்டும் நிற்கவில்லை. இருட்டில் பயம் வேறு சேர்ந்ததால் பேச்சிமுத்து முன்னிலும் பலமாக முழங்கினான்.

பிரமநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மந்திரமூர்த்தியை அப்படியே கட்டிக்கொண்டார்.

"கரண்டே இல்லாம வாசிக்கிற பெட்டி! தூத்துக்குடிக்காரன்கிட்ட இப்படி ஒண்ணு இருக்குமா? பொண்ணு ஒனக்குத்தான் மாப்ள!"

பந்தி பரிமாறினார்கள். மேஜைக்கடியிலிருந்து, "எனக்கு?" என்று ஒரு குரல் வந்தது.

"அட, பெட்டிக்கும் ஒரு எலை போடுங்கப்பா," என்றார் பிரமநாயகம். "உழைச்சிருக்குல்லா."

துணிக்கடியில் தள்ளிய இலை வழித்துத் துடைத்த மாதிரி திரும்பி வந்தது. அவருக்குப் பெட்டி மேல் மரியாதை இன்னும் கூடிவிட்டது.

"கல்யாணத்துக்கும் இதேதான் வாசிக்கணும். தையில வச்சிருவமா மாப்ள?"

மந்திரமூர்த்திக்கு முகம் செத்துவிட்டது. "தையில வேண்டாம் மாமா. தை பொறந்தா இதுக்கு முப்பத்திமூணு ஆயிரும். அப்புறம் பெட்டி ஏத்துக்காது."

பிரமநாயகம் யோசனையோடு மேஜையைப் பார்த்தார்.

"ஆமா மாமா," என்றது மேஜை, வாய் நிறையச் சோற்றோடு. "கார்த்திகையிலயே வச்சிருங்க."

பெட்டியே சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? கார்த்திகையிலேயே நாள் குறித்தார்கள்.