ஏரியே வந்து சொல்லட்டும்

முன்னொரு காலத்தில், ஏரியின் மடியிலேயே அரண்மனை கட்டிக்கொள்ளும் துணிச்சல் அரசர்களுக்கு இருந்த காலத்தில், ஓர் அரசருக்கு நந்தவனம் ஒன்று வேண்டும் என்ற ஆசை வந்தது. அமைச்சர் அனந்தராயர் உடனே இடம் காட்டினார். ஏரி நிரம்பினால் உபரி நீர் ஓடுவதற்கு ஒரு கால்வாய் இருந்தது. அதைத் தூர்த்து அதன்மேல் நந்தவனம் போடலாம் என்றார். மண் கொட்டும் வேலை அவருடைய மைத்துனருக்கே போனது. மைத்துனர் இல்லாத அமைச்சரை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா?

அரசவை விகடன் மாசிலாமணி மட்டும் எழுந்தான்.

"அரசே, நிரம்பிய ஏரி எந்த வழியாகப் போகும்? அதையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அனந்தராயர் வெகுநாளாகக் காத்திருந்த சந்தர்ப்பம் இது. "அரசரின் ஆணைக்கு ஏரியின் சம்மதம் வேண்டுமாம். இது ராஜநிந்தை அல்லவா, பிரபு?"

அரசரின் முகம் சிவந்தது. "நீரும் நிலமும் நமக்குச் சொந்தம். குறை இருந்தால் ஏரியே சபைக்கு வந்து சொல்லட்டும். ஐப்பசி முடிவதற்குள் அதை அழைத்து வா. தவறினால் யானையின் காலால் இடறச் செய்வோம்."

மாசிலாமணி விடாமல் கேட்டான். "முறையிட வருபவரை வாசலில் தடுக்கக்கூடாது, சொல்லி முடிக்கும்வரை இடைமறிக்கக்கூடாது என்பது தங்கள் பாட்டனார் வைத்த சட்டம். அது ஏரிக்கும் உண்டா, அரசே?"

"உண்டு" என்று அரசர் சிரித்தார். சபையே சிரித்தது.

கால்வாயைத் தூர்த்து முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. தாழ்வான தெருக்காரர்களை மேட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு மாசிலாமணி கோவிலுக்குப் போனான். ஏரி வராவிட்டால் தன் உயிர் போகும், வந்தால் ஊர் என்னாகுமோ. எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் சும்மா நின்றுவிட்டுத் திரும்பினான்.

ஐப்பசியின் கடைசி நாளில் அவனைச் சபை முற்றத்தில் படுக்கவைத்தார்கள். அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான். யானை காலைத் தூக்கியது. தூக்கிய காலை அவன்மேல் வைக்காமல், காதுகளை விரித்துப் பின்னால் நகர்ந்தது. அப்போதுதான் அவன் முதுகில் ஈரம் பட்டது.

போக வழியில்லாத ஏரி, கரை வழிந்து வாசலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. காவலர்கள் மணல் மூட்டைகளோடு ஓடிவந்தார்கள். "முறையிட வந்தவரைத் தடுக்கலாமா?" என்று மாசிலாமணி கேட்டதும் கை ஓடாமல் நின்றுவிட்டார்கள். தண்ணீர் படியேறியது. அனந்தராயர் தூணைக் கட்டிக்கொண்டார். அரசர் இரண்டு கால்களையும் அரியணைமேல் மடக்கிக்கொண்டார்.

"மாசிலாமணி, அதைப் போகச் சொல்."

"இன்னும் சொல்லி முடிக்கவில்லை, அரசே."

"என்னதான் சொல்கிறது?"

"போகிறேன், என் வழியை மட்டும் திருப்பிக் கொடுங்கள் என்கிறது."

அரசர் அமைச்சரைப் பார்த்தார். அப்போதே கால்வாயை வெட்டத் தொடங்கினார்கள். முதல் மண்வெட்டி அனந்தராயர் கைக்கும் அடுத்தது அவர் மைத்துனர் கைக்கும் போனது. தண்ணீர் வடிந்தது.

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணிக்குக் கொடுத்தார். "ஏரியையே சபைக்கு இழுத்து வந்துவிட்டாயே" என்று அரசர் வாய்விட்டுச் சிரித்தார்.

சிரித்தாரே தவிர, தரை காய்ந்த பிறகும் கால்களைக் கீழே இறக்கவில்லை.