மான்கள் தின்ற நூல்

கோடையில் காய்ந்து கிடந்த ஒரு காட்டில் ஈட்டியன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. அதற்கு நூல் எழுதும் ஆசை. எழுதுகோலுக்காக அது யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை, குழந்தைகளே! முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கினால் போதும். ஆல இலைகளில் கீறிக் கீறி எழுதும்.

நூலின் பெயர் 'தண்ணீர்'. மூன்று கோடையாக எழுதியும் முடிந்தபாடில்லை. மேகம் பிறந்த கதைக்கு நாற்பது இலை, தவளைகளின் குல வரலாற்றுக்கு முப்பது இலை. தண்ணீர் கிடைக்கும் இடம் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. "நூல் முடிந்ததா?" என்று யாராவது கேட்டால் ஈட்டியன் பேச்சை மாற்றிவிடும்.

ஒருநாள் காலையில் வரிக்கண்ணி என்ற பெண்மான் தன் கூட்டத்தோடு வந்து நின்றது. அவை வாழ்ந்த காட்டில் குளம் வற்றிவிட்டது.

"ஐயா, தண்ணீரைப் பற்றி நூல் எழுதுகிறீர்களாமே! அதை நம்பித்தான் வந்தோம். தண்ணீர் இருக்கும் இடம் அதில் உண்டா?"

"அது கடைசி அத்தியாயம், அம்மா. இன்னும் தவளையே முடியவில்லை. கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லிவிட்டு, ஈட்டியன் முதுகைத் திருப்பிக்கொண்டு எழுத உட்கார்ந்தது.

உச்சிப்பொழுது வந்தது. வரிக்கண்ணியின் குட்டி கால் மடங்கிப் படுத்துவிட்டது. ஈட்டியனுக்குப் பின்னால் மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், எழுபது இலைகளும் காலி! மான்கள் அசைபோட்டுக்கொண்டு நின்றன.

"ஐயோ! என் மூன்று வருட உழைப்பு!" ஈட்டியனின் முட்கள் சிலிர்த்துக்கொண்டன.

"பசி வந்தால் பத்தும் பறந்துபோகும், ஐயா. மன்னியுங்கள். நூலை வாயாலேயே சொல்லிவிடுங்களேன்!"

ஈட்டியன் தொண்டையைச் செருமியது. "ஆதியில் வானத்தில் ஒரு மேகம்..."

"மேகம் இருக்கட்டும், ஐயா! என் குட்டிக்கு நா வறண்டு கண் செருகுகிறது. தண்ணீர் எந்தப் பக்கம்?"

ஈட்டியன் குட்டியைப் பார்த்தது. மேகமும் தவளையும் எங்கோ போய்விட்டன.

"யானைப்பாறைக்கு வடக்கே போங்கள். இரட்டை மருதமரம் வரும். வேரடியில் சுனை. இடப்பக்கம் சேறு, கால் புதையும்; வலப்பக்கமாக இறங்குங்கள். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள், சிறுத்தை வரும்."

"கேள்விப்பட்டதா, கண்ணால் பார்த்ததா?"

"நேற்று நானே குடித்த தண்ணீர், அம்மா!"

மான்கள் குட்டியைத் தட்டி எழுப்பி நடத்திக்கொண்டு போயின. ஈட்டியனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சுனை இன்றைக்கு வற்றியிருந்தால்? சிறுத்தை முன்னதாகவே வந்துவிட்டால்? பாதையையே பார்த்துக்கொண்டிருந்தது.

பொழுது சாயுமுன் குட்டிதான் முதலில் துள்ளிக்கொண்டு வந்தது. அதன் முகவாயில் தண்ணீர் சொட்டியது. ஈட்டியனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு கூட்டம் வருகிறது, ஐயா" என்றது வரிக்கண்ணி. "எங்களிடம் சொன்னதை அப்படியே எழுதிவையுங்கள்."

"அவ்வளவுதானா நூல்?"

"அவ்வளவுதான்."

"அப்பாடா!" என்றது ஈட்டியன். மூன்று கோடைச் சுமை முதுகிலிருந்து இறங்கியது. இருட்டுவதற்குள் நான்கே இலைகளில் நூலை எழுதி முடித்துவிட்டது. அதுவும் எருக்கிலையில். அதை எந்த மானும் தின்னாதல்லவா!

நீதி: தனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டிவைப்பது நூலாகாது, படிப்பவருக்கு வேண்டியதைச் சொல்வதே நூல்.