கோபத்துக்கு ஆள் வைத்த மடைப்பள்ளித் தலைவர்

ராஜாக்கள் யானை மேலும் சமையற்காரர்கள் கோபத்தின் மேலும் ஏறித் திரிந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்துக் கதை இது. பெரியவர்களும் கேட்கலாம், சின்னவர்களும் கேட்கலாம். நாலு பேருக்கு மேலே உட்கார்ந்து வேலை வாங்குகிறவர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்கார்ந்து கேளுங்கள்.

நெல்லிமங்கலம் என்ற ஊரில் ஒரு பெரிய கோயில். கோயிலில் பெரிய மடைப்பள்ளி. அதற்குத் தலைவர் வடுகநாதர். அவர் கைப்பொங்கலுக்கு நாடே மயங்கும். அவர் கோபத்துக்கு மடைப்பள்ளியே நடுங்கும். அரிசி குழைந்தால் கத்துவார். குழையாவிட்டால் கத்துவார். சரியாக வெந்தால், இன்றைக்கு மட்டும் எப்படி வெந்தது என்று கத்துவார்.

அந்த மடைப்பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. சாமிக்குப் படைக்கும் முன் யாரும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. அதனால் உப்புப் போடுகிறவன் போட்டவுடன் எல்லாருக்கும் கேட்கும்படி, "உப்பு போட்டாச்சு" என்று குரல் கொடுப்பான். தலைவர், "கேட்டாச்சு" என்று பதில் குரல் கொடுப்பார். நாக்குக்கு வேலை இல்லாத இடத்தில் காதை நம்பித்தான் சமையல். அதையும் மீறிப் படையல் கெட்டால், உப்புக்காரன் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போக வேண்டும். அதுவும் அங்கே விதி.

உப்புக்காரன் பெயர் நக்கன். பயந்த சுபாவம். வீட்டில் பிறந்து இருபதே நாள் ஆன பெண்குழந்தை.

ஒரு நாள் பருப்பு அடிப்பிடித்தது. வடுகநாதர் எறிந்த அகப்பை, அண்டா கிண்டும் சாத்தன் முகத்தில் விழுந்தது. முன்பல் இரண்டு போயின. விஷயம் அந்த நாட்டை ஆண்ட அரசி பூதலவல்லியின் காதுக்குப் போனது. அரசி வடுகநாதரைக் கூப்பிட்டாள். பங்குனித் திருவிழாவுக்கு மூன்று மாதம் இருக்கிறது, அதற்குள் கோபத்தை அடக்கிக் காட்டினால் தலைமை உமக்கு, இல்லையென்றால் வீட்டில் போய் உமக்கு மட்டும் சமைத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டாள்.

வடுகநாதர் யோசித்தார். தலைமையை விட முடியுமா? கோபத்தைத்தான் விட முடியுமா?

முதல் மாதம் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டார். கோபம் வந்தால் ஒரு மிடறு தண்ணீர், வாய் திறக்கக் கூடாது என்று கணக்கு. நாள் முழுக்கக் கோபம் வந்தால் என்ன செய்வது? மாலைக்குள் ஒரு குடம் இறங்கியது. மனுஷன் சமைத்த நேரத்தைவிடக் கொல்லைப்பக்கம் போன நேரம்தான் அதிகம்.

இரண்டாம் மாதம், "கேட்டாச்சு" தவிர ஒரு சொல் பேசாமல் மௌனவிரதம் இருந்தார். வாய் மூடியது, கண் திறந்தது. முழித்து முழித்துப் பார்த்தார். யாரை முறைக்கிறார், எதற்கு முறைக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கத்தினபோதாவது என்ன தப்பு என்று தெரிந்ததே என்று எல்லாரும் முணுமுணுத்தார்கள்.

மூன்றாம் மாதம்தான் அவருக்கு அந்த மகா யோசனை உதித்தது. கோபத்துக்கு ஓர் ஆள் வைத்துவிட்டார்.

சிரிக்காதீர்கள், உண்மையாகவே வைத்தார். ஆள் பெயர் கொம்பையா. சாமி ஊர்வலத்தில் யானைக்கு முன்னால் ஓடி, வழிவிடச் சொல்லிக் கத்துகிறவன். நாளுக்கு இரண்டு பட்டை கோயில் சோறு பேசி அழைத்து வந்தார். வடுகநாதர் நெற்றி நிறைய விபூதியோடு மணையில் உட்கார்ந்து புன்னகை செய்வார். இடது கைச் சுண்டுவிரலைத் தூக்குவார். விரல் தூக்கியவுடன் கொம்பையா, எதிரே நிற்கிறவனைக் கிழிகிழி என்று கிழிப்பான்.

அரண்மனையிலிருந்து ஓர் அதிகாரி பார்க்க வந்தார். புன்னகையைப் பார்த்தார். விபூதியைப் பார்த்தார். ஒரு பட்டை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வடுகநாதர் சாந்தமே உருவானவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதிகாரிகளைப் பற்றி நான் வேறு சொல்ல வேண்டுமா?

கொம்பையாவுக்கும் ஒரு பயம் இருந்தது. கத்த வேலை இல்லாவிட்டால் சோறு போய்விடுமே. அதனால் விரல் தூக்காதபோதும், எந்த மூலையில் குரல் கேட்டாலும் பாய்ந்தான். வாயைத் திறந்தவன் மாட்டினான். தலைவரோ, வாயைத் திறந்தால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும் என்று "கேட்டாச்சு" சொல்வதை நிறுத்தினார். பதில் குரல் நின்றது. பிறகு நக்கனின் குரலும் நின்றது. உப்புப் போட்டுவிட்டு மற்றவர்களைப் பார்த்துக் கண்ணை மட்டும் காட்டினான். மடைப்பள்ளி அமைதியானது. ஆகா, என்ன அமைதி என்று வடுகநாதர் தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

பங்குனித் திருவிழா வந்தது. மூவாயிரம் பேர் நடந்தே வந்து, வெயிலில் இலை போட்டுக் காத்திருந்தார்கள். உள்ளே ஒன்பது அடுப்பு. ஒரே புகை. பெரிய அண்டாவில் பொங்கல் தளதளவென்று வெந்தது. நக்கன் ஒரு படி உப்பை அளந்து போட்டான். குரல் கொடுக்க வாயைத் திறந்தான். கொம்பையா தொண்டையைக் கனைத்தான். நக்கன் வாயை மூடிக்கொண்டான். கண்ணைக் காட்டினான், புகையில் அது யாருக்கும் தெரியவில்லை.

கிண்டிக்கொண்டிருந்த சாத்தன் நினைத்தான்: பாவி மறந்துவிட்டானே, கைக்குழந்தையோடு எங்கே போவான்? கேட்டால் கொம்பையா கத்துவான். சத்தம் போடாமல் ஒரு படி உப்பைத் தானே போட்டான்.

நெய் ஊற்றுகிற கூத்தனும் அதையே நினைத்தான். அவனும் சத்தம் போடாமல் ஒரு படி போட்டான். மூன்று பேருமே நல்லவர்கள். மூன்று பேரும் ஊமைகளாக இருந்தார்கள், அவ்வளவுதான்.

படையல் முடிந்தது. முதல் இலை அரசிக்கு. அரசி ஒரு வாய் வைத்தாள். அவளுக்கும் கோபம் வந்தது, காது மடல் சிவந்துவிட்டது, நான் ஏன் மறைக்க வேண்டும்? வாயில் இருந்ததை விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். வெளியே காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு நேரே மடைப்பள்ளிக்குள் நடந்து வந்து, பொங்கல் உப்புக் கரிக்கிறது என்றாள்.

வடுகநாதர் முந்திக்கொண்டார். விதிப்படி உப்புக்காரனைத் தள்ளிவிடலாம், இவன்தான் அவன் என்று நக்கனைக் காட்டினார். நக்கன் முகம் சுண்டிப் போயிற்று.

"விதி அப்புறம்," என்றாள் அரசி. "அண்டாவில் எத்தனை படி உப்பு விழுந்திருக்கிறது என்று முதலில் எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் அந்த அளவுக்கு உப்பில்லாப் பொங்கல் வைத்துக் கலக்கலாம். ஜனங்கள் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்."

யாரும் பேசவில்லை. அரசி மறுபடியும் கேட்டாள். யாரும் பேசவில்லை. மூன்றாம் முறை கேட்டாள். வடுகநாதருக்கு உள்ளே கொதித்தது. முகத்தில் புன்னகை மாறவில்லை, ஆனால் பழக்கதோஷம், சுண்டுவிரல் தானாகத் தூக்கிக்கொண்டது.

கொம்பையா விரலைப் பார்த்தான். எதிரே நிற்பது யார் என்று பார்த்தான். அரசி. தடாலென்று தரையில் விழுந்துவிட்டான்.

"தொண்டை மட்டும்தான் தாயே என்னுது. கோபம் எல்லாம் அவரது. ரெண்டு பட்டைச் சோத்துக்கு நான் கத்தினேன்."

சாத்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல் போன இடத்தின் வழியே காற்றாக வந்த சிரிப்பு. அதோடு பயமும் போய்விட்டது. தான் ஒரு படி போட்டதாகச் சொன்னான். கூத்தன் தானும் ஒரு படி என்றான். நக்கன் அழுதுகொண்டே, முதல் படி தன்னுடையது என்றான்.

"மூன்று படி. அப்படியானால் இன்னும் இரண்டு அண்டா, உப்பே இல்லாமல்," என்றாள் அரசி. அடுப்புகள் மறுபடி மூண்டன. கொஞ்சம் தாமதம்தான். மூவாயிரம் பேரும் வயிறார உண்டார்கள். அவர்கள் உண்டு முடிக்கும்வரை அரசி மறுபடி இலையைத் தொடவில்லை. நக்கனை யாரும் ஊரை விட்டு அனுப்பவில்லை.

எல்லாம் முடிந்தபின் வடுகநாதர் கைகட்டி நின்றார். ஒரு மாதமாகத் தன் வாயிலிருந்து ஒரு சுடுசொல் வந்ததுண்டா, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார்.

"வரவில்லை," என்றாள் அரசி. "நீர் வாயை மட்டும் அடக்கினீர். உமக்குப் பயந்து இவர்களும் வாயை அடக்கினார்கள். கோபத்தை அடக்கச் சொன்னேனே, அதை யார் செய்தது?"

தலைமை சாத்தனுக்குப் போயிற்று. அவனுக்குக் கோபம் வராது என்று நினைக்காதீர்கள். வந்தது. வந்தால், எனக்குக் கோபம் வருகிறது, கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போவான். நாலு குடம் இறைத்து ஊற்றிவிட்டு வந்து, என்ன நடந்தது என்று கேட்பான். முதல் மாதம் கிணறு பாதி வற்றியது. அப்புறம் நீர்மட்டம் ஏறத் தொடங்கியது.

வடுகநாதர் பக்கத்து ஊர் மடைப்பள்ளிக்கு வேலை கேட்டுப் போனார். அங்கே அவரை உட்கார வைத்து, வேலைக்கு என்னென்ன வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டார்கள். பெரிய அண்டா ஒன்று, நல்ல அகப்பை ஒன்று, கத்துவதற்கு ஆள் ஒன்று என்றார்.

தன் கோபத்தைத் தானே ஆளத் தெரியாதவன் பத்துப் பேரை ஆள உட்கார்ந்தால், சொல்ல வேண்டிய உண்மையை அந்தப் பத்துப் பேரும் வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுவார்கள்.