அங்காயியக்காவுக்கு வந்த வெளிச்சம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே முதலாளி சென்னியப்பன் சொன்னதுதான் சட்டம். மங்கிப்போன டியூப்லைட்டுகளின் கீழே கறுப்புத் துணி தைத்த அங்காயிக்குத் தையல் கோணியது. "உனக்குக் கண்ணு போச்சு" என்று அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

பக்கத்து மெஷின் செல்லக்கிளி எழுந்தாள். "கண்ணு இல்லீங்க, லைட்டுதான் போச்சு. மாத்துங்க."

"வெளிச்சமும் கூடணும், கரண்டும் குறையணும். நடக்குமா?" என்று சிரித்தார்.

"எல்.இ.டி. மாட்டினா ரெண்டும் நடக்குமுங்க."

"இருக்கற வெளிச்சமே போதும்."

"அப்படீன்னா இந்த ஊசியில கறுப்பு நூலைக் கோத்துக் குடுங்க."

எல்லோரும் பார்க்க ஐந்து முறை முயன்றார். நூல் நுழையவில்லை. "இந்த இருட்டுல எவனுக்குத் தெரியும்?" என்று எரிச்சலில் கத்திவிட்டார்.

"அங்காயியக்காவும் அதையேதானுங்க சொன்னாங்க."

கூடமே சிரித்தது. ஆனாலும் சாக்குச் சொல்லிச் சொல்லி, விளக்கு மாற்ற ஏழு மாதம் ஆக்கினார். மாற்றியதும் கரண்டுச் செலவு பாதியானது, கூடம் பளிச்சென்றானது. செல்லக்கிளி சொல்லிவிட, அங்காயி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஊரிலிருந்து வந்தாள். பழைய இடத்தில் உட்கார்ந்து மெஷினைத் தடவினாள், தலையை நிமிர்த்தினாள்.

"லைட்ட எப்பப் போடுவாங்க, கிளி?"

அத்தனை விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.