காலியா விட்ட ரெண்டு இலை

ஒரு ஊர்ல ஒரு பந்தி வைக்கிறவ இருந்தா. பேரு ஆவுடை. யாரு எந்த இலையில உக்காரணும்னு அவதான் சொல்லுவா. நீ ம் சொல்லணும். இல்லைன்னா தூங்கிட்டேன்னு நிறுத்திடுவேன்.

ம்.

அந்த ஊர் மயிலேறி அண்ணாச்சி புது வீடு கட்டி, தை மாசம் பால் காய்ச்சினாரு. விருந்துக்கு வந்தது மனுஷங்க இல்ல. இரும்பு, செம்பு, கந்தகம், துத்தநாகம்னு, இந்த உலகத்தைச் சேத்து வச்சிருக்கிற தனிமங்கதான் வந்தாங்க. சிலது சலங் சலங்னு வந்துச்சு, சிலது புஸ்ஸுன்னு காத்தா வந்துச்சு.

எப்படி உக்கார வைக்கிறது? ஆவுடை வாசல்ல ஒரு சின்னத் தராசு வச்சா. ஆளை நிறுக்கலை. ஒவ்வொருத்தர்கிட்டயும் இதுக்கு மேல உடைக்க முடியாதுங்கிற துணுக்கு ஒண்ணு வாங்கி நிறுத்தா. லேசானவங்க முன்னால, கனமானவங்க பின்னால.

அப்போ ஒரு அதிசயம். மொத வரிசையில ஏழு பேரு, ரெண்டாவதுலயும் ஏழு. எண்ணிக்கோ. ரெண்டு வரிசையிலயும் மொத ஆளுக்குத் தண்ணி ஆகாது. கடைசி ஆளு பக்கத்துல போனா கண்ணு எரியும். குணம் சுத்திச் சுத்தி வருதுன்னு ஆவுடை கண்டுக்கிட்டா.

அதனால தண்ணி விடுறவர்கிட்ட, "அண்ணே, வரிசைக்கு மொத இலைக்கு மட்டும் தண்ணி விடாதீங்க"ன்னு சொல்லி வச்சா.

அப்புறம் மூணாவது வரிசை. அது ரொம்ப நீளம். துத்தநாகம் உக்காந்தாச்சு. அடுத்த கனம் பாஷாணத்துக்கு, அதான் ஆர்சனிக். ஆனா பாஷாணத்தை அங்க வச்சா, மேல அலுமினியம் இருக்கு. ரெண்டு பேருக்கும் குணத்துல ஒட்டே இல்ல. ஆவுடை யோசிச்சா. ரெண்டு இலையைக் காலியா விட்டுட்டு, மூணாவது இலையில பாஷாணத்தை வச்சா. அங்க மேல இருந்தவரோட குணம் ஒட்டுச்சு. அதுக்கு அப்புறம் எல்லாம் சரியா வந்துச்சு.

அண்ணாச்சி பாத்தாரு. "என்ன ஆவுடை, பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு?"

"ரெண்டு பேரு வரணும் அண்ணாச்சி."

"யாரு?"

"தெரியாது."

"தெரியாதவங்களுக்கு இலையா? போட்ட இலையை யாரும் சாப்பிடாம எடுத்தா புது வீட்டுக்கு ஆகாது. பாயசம் வர்றதுக்குள்ள ஒருத்தராவது வரணும். இல்லைன்னா இனிமே என் வீட்டுப் பந்திக்கு நீ வேண்டாம்."

ஆவுடைக்கு அந்த வேலைதான் உசுரு. இருந்தாலும் தலையை ஆட்டிட்டு அடுக்களைக்குப் போனா.

ம் எங்க?

ம்.

அவ அந்தப் பக்கம் போனதும் அண்ணாச்சி, "எல்லாரும் ரெண்டு இலை தள்ளி உக்காருங்கப்பா"ன்னாரு. சர் சர்னு நகந்தாங்க. நாலாவது வரிசைக்கு மொத ஆளு ருபிடியம். அவனும் மூணாவது வரிசைக்குள்ள வந்துட்டான்.

"எனக்குத் தண்ணி ஆகாதுங்க"ன்னு சொல்லப் போனான். அதுக்குள்ள, இது மொத இலை இல்லையேன்னு தண்ணிக்காரர் விட்டுட்டாரு.

டமார்!

பந்தல்ல ஒரு ஓட்டை. அண்ணாச்சி மேல முழுக்க சாம்பார். ஆவுடை ஓடி வந்து பாத்தா. எல்லாரையும் பழைய இடத்துல உக்கார வச்சா. ரெண்டு இலை திரும்பவும் காலி.

அப்புறம் தகதகன்னு தங்கம் வந்துச்சு. "எனக்கு இடம் இல்லாத பந்தியா? இதோ, நடுவுல காலியா கிடக்கே."

அண்ணாச்சிக்குச் சந்தோஷம். "தங்கமே வந்தாச்சு, உக்கார வை ஆவுடை."

துணுக்கை வாங்கி வச்சா. தராசு மடக்குன்னு சாஞ்சுது.

"நீங்க ரொம்பக் கனம்ங்க. உங்க இடம் பின்னால, பாதரசத்துக்குப் பக்கத்துல."

"அந்த வழுக்கிப் பயலுக்குப் பக்கத்துலயா?"

"அவரும் உங்களைப் பத்தி அப்படித்தான் சொன்னாரு."

தங்கம் முணுமுணுத்துக்கிட்டே போயி உக்காந்துச்சு.

உள்ள பாயசம் களக் களக்னு கொதிச்சு அடங்கிடுச்சு. வாளி வெளிய வருது. அண்ணாச்சி கேட்டாரு. "உன் ஆளு எப்படி இருப்பாருன்னாவது சொல்லேன்."

"அக்கம் பக்கத்து இலைக்காரங்க குணத்தை வச்சுச் சொல்றேன். வெள்ளையா பளபளன்னு இருப்பாரு. துத்தநாகத்தைவிடக் கனம், பாஷாணத்தைவிட லேசு. அலுமினியத்துக்குத் தம்பி மாதிரி. ஆனா இத்துணூண்டு சூடு பட்டாலும் இளகிடுவாரு."

அப்போ வாசல்ல டிக் டிக்னு ஒரு சத்தம். சின்னதா, வெள்ளையா ஒருத்தர் நின்னாரு. "என் பேரு காலியம். இங்க எனக்கு இடம் இருக்குமா?"

அண்ணாச்சி ஓடிப் போயி அவரை உள்ளங்கையில ஏந்தினாரு. ஏந்தினதுதான் தாமதம், அவரு கொழகொழன்னு உருகி விரலிடுக்குல வழியறாரு.

"ஆவுடை, விருந்தாளி ஓடுறாரு, பிடி."

"உங்க கைச் சூடுதான் அண்ணாச்சி. தை மாசக் குளிரு, இலையில விடுங்க, கெட்டியாயிடுவாரு."

அலுமினியத்துக்கு நேர் கீழ விட்டாங்க. கொஞ்ச நேரத்துல கெட்டியாயி உக்காந்தாரு. துணுக்கை நிறுத்தா, அவ சொன்ன கனம்தான். பாயசமும் வந்துச்சு.

பாயசக்காரன் அடுத்த இலையைப் பாத்தான். அது இன்னும் காலி. எடுக்கக் குனிஞ்சான்.

அப்போ அண்ணாச்சி என்ன செஞ்சாரு தெரியுமா? சாம்பார்க் கறை பட்ட துண்டைத் தோள்லேர்ந்து எடுத்து, அந்த இலைக்கு முன்னால மணையில போட்டாரு. "தொடாத. அங்க ஆளு வருது."

"யாரு அண்ணாச்சி?"

"தெரியாது. ஆவுடைகிட்ட கேளு, எப்படி இருப்பாருன்னு சொல்லுவா."

ம்?

ம் காணோம். சரி. துண்டு போட்ட இடம் எங்கயும் போகாது. கதை இலையை மடிச்சாச்சு, நீ தூங்கு.